தள்ளி நின்ற பதினான்கு பெயர்கள்

போன மாதம் ஒரு நாள், காலை பத்தரை மணி இருக்கும், நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து நிவேதா என்ற பெண் போன் செய்தாள். எனக்குப் பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். மரியாதையான பெண். சாப்பிட்டீர்களா, சுகர் எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"சார், ஷிஃப்ட் லிஸ்ட் எடுக்கிற இடத்துல உங்க புரோகிராம் ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. தொடப்பம்னு பேரு வச்சிருக்கீங்க. அதுக்குள்ள ஒரு குறிப்பு எழுதியிருக்கீங்க சார். 'வரிக்கு முன்னால் இருக்கும் ஸ்பேஸைத் தொடாதே, பிரிண்டருக்கு ஆகாது'ன்னு. அந்த பிரிண்டர் போயே பல வருஷம் ஆச்சு. இப்ப புது சாஃப்ட்வேர் வருது. முன்னாடி இருக்கிற ஸ்பேஸை எல்லாம் வெட்டிடலாமா? என்ட்ரி போடறவங்க கவனமே இல்லாம சில பேருக்கு முன்னால தட்டி வச்சிருக்காங்க சார். பார்க்கவே அசிங்கமா இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பெண் மேல் இல்லை. அவள் சொன்ன அதே வார்த்தைகளை, ஏறக்குறைய அதே வரிசையில், இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நானும் சொல்லியிருக்கிறேன். "நான் திருப்பிக் கூப்பிடுறேம்மா, அதுவரைக்கும் எதையும் தொடாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு மனசில் வந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எந்தத் தொழிற்சாலை என்று கேட்காதீர்கள். எர்ணாவூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் இடமும் வலமும் எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்று. அமிலம் காய்ச்சுகிற இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு ஆள். அப்பா ரயில்வேயில் கலாசி. பகலில் கூரியர் கடையில் வேலை, சாயங்காலம் திருவொற்றியூரில் கம்ப்யூட்டர் வகுப்பு. அங்கே முப்பது பேருக்கு நான்கு மெஷின், அதனால் பாதிப் புரோகிராமை நோட்டில்தான் எழுதி ஓட்டிப் பார்ப்போம். இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வியாசர்பாடியா? ஃபுட்பாலா, பாக்ஸிங்கா?" என்று ஒருவர் கேட்டார், மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை வேண்டுமே. அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை எனக்கு என் மேல் கோபம் உண்டு.

கம்ப்யூட்டர் பிரிவு நிர்வாகக் கட்டடத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிளான்ட் முந்நூறு அடி தள்ளி. ஒன்பது வருடத்தில் நான் பிளான்ட் பக்கம் போனது ஆயுத பூஜைப் பொரி வாங்க மட்டும்தான். எங்களை அங்கே உள்ளவர்கள் 'ஏசி ரூம் ஆளுங்க' என்பார்கள். எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொண்ணூற்றொன்பதில், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் குழம்பிவிடும் என்ற பயம் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. பழைய மெஷினைத் தூக்கிவிட்டு யுனிக்ஸ் மெஷின் கொண்டுவந்தார்கள். பழையதிலிருந்த ஃபைல்களை எல்லாம் புதியதில் கொட்டினோம். வந்து விழுந்தது அத்தனையும் கலீஜு. வரிக் கடைசியில் இருபது முப்பது ஸ்பேஸ். நடுவில் டேப் கீயைத் தட்டிய இடைவெளி. காரணமே இல்லாமல் காலி வரிகள். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு என்பதால் அதைத் தேடிப் பிடிப்பதே பெரிய பேஜாரு.

அதற்காகச் சின்னச் சின்னப் புரோகிராம்கள் எழுதினேன். ஒவ்வொன்றும் இருபது இருபத்தைந்து வரிதான். ஒன்று வாங்கி, ஒரே ஒரு வேலை செய்து, அடுத்ததிடம் கொடுத்துவிடும். தண்ணி லாரி வந்தால் எங்கள் போர்டு குடியிருப்பில் பெண்கள் மாடிப்படியில் வரிசையாக நின்று குடத்தைக் கை மாற்றுவார்களே, அதே முறைதான். ஒன்று டேப்பை ஸ்பேஸாக மாற்றும். ஒன்று காலி வரிகளைச் சுருக்கும். கடைசியில் நிற்பது பெயரை ஒரு பத்தியிலும் டோக்கன் நம்பரை ஒரு பத்தியிலும் அடுக்கி பிரிண்டருக்கு அனுப்பும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தொடப்பம். வரிக் கடைசி அழுக்கைப் பெருக்குவது அது. எழுத்து எழுத்தாக வாங்கும். ஸ்பேஸ் வந்தால் உடனே வெளியே விடாது, எத்தனை என்று எண்ணிக் கையில் வைத்துக்கொள்ளும். அடுத்து ஓர் எழுத்து வந்தால், கையில் இருக்கும் ஸ்பேஸை முதலில் விட்டு எழுத்தைப் பின்னால் விடும். எழுத்து வராமல் வரி முடிந்துவிட்டால் கையில் இருப்பதைக் கீழே கொட்டிவிடும். அவ்வளவுதான். முதல் முறை சரியாக ஓடியபோது எழுந்து நின்று கைதட்டினேன். எதிர் மேஜைக்காரர் பைத்தியமா என்பதுபோல் பார்த்தார்.

எங்கள் மேலாளர் பெயர் சுந்தரேசன். அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. எனக்கு வாய்த்த மேலதிகாரிகளிலேயே அதிகமாகக் கெடுதல் செய்தவர் ஒருவரையும் திட்டாத இந்த மனிதர்தான். அவர் ஒரு லிஸ்டைப் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். காகிதத்தின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட பட்டை இருக்கும் அல்லவா, முதலில் அதை ஒரே இழுப்பில் கிழிப்பார். நடுவில் அறுந்தால் வேறு காப்பி கேட்பார். காகிதத்தை மேஜையில் போட்டு இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்துச் சமப்படுத்துவார். டிராயரிலிருந்து ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இடது ஓரத்தில் வைப்பார். ஸ்கேலை ஒட்டி நிற்காத எழுத்து எதுவாக இருந்தாலும் சிவப்புப் பென்சிலால் அதன் முன்னால் ஒரு கோடு. பெயர் சரியா, நம்பர் சரியா, அந்த ஆள் உயிரோடு இருக்கிறானா என்பதெல்லாம் அவர் துறை இல்லை.

புது மெஷினில் எடுத்த முதல் ஷிஃப்ட் லிஸ்டை அவர் முன்னால் வைத்தேன். ஸ்கேலை வைத்தார். பதினான்கு சிவப்புக் கோடு.

"மிஸ்டர் சேகர், இது என்ன? பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு."

"டைப்பிங் செக்‌ஷன்ல சில பேருக்கு முன்னால ஸ்பேஸ் தட்டியிருக்காங்க சார். கவனமில்லாம."

"உங்க கிட்ட தொடப்பம் இருக்கே. முன்னாலயும் பெருக்குங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கவனக் குறைவு என்றால் எல்லாப் பெயரிலும் சிதறி இருக்க வேண்டும், ஒரு ஸ்பேஸ், மூன்று ஸ்பேஸ் என்று கலந்து இருக்க வேண்டும். இங்கே பதினான்கு பெயருக்கும் முன்னால் சரியாக இரண்டே இரண்டு. அதைப் பார்க்கிற கண் எனக்கு இருந்தது. பார்க்கத் தோன்றவில்லை. நான்கு வரி சேர்த்தேன். வரி தொடங்கியதும் ஸ்பேஸ் வந்தால் எண்ணாதே, வைத்துக்கொள்ளாதே, கொட்டு. பத்து நிமிட வேலை. ஸ்கேலை வைத்தார், ஒரு கோடுகூட விழவில்லை. "குட்" என்றார்.

அந்த லிஸ்ட் பிளான்டில் போர்டில் ஒட்டப்பட்ட மூன்றாம் நாள் சங்கு ஊதியது. கண்ணாடிக் கதவு வழியாக ஆட்கள் ஓடுவது தெரிந்தது. ஸ்ட்ரெச்சரில் ஒருவரைத் தூக்கிப் போனார்கள். அமிலத் தொட்டிக்குள் இறங்கி அடிக் கசடை வாரும்போது மயங்கி விழுந்துவிட்டார் என்றார்கள். பெயர் அருளப்பன், ராயபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். கூட இறங்கிய மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நோட்டீஸ் போர்டில் காகிதம் வந்தது, முகமூடியைச் சரியாக அணியாததால் என்று. அந்தக் காகிதத்தையும் எங்கள் பிரிவில்தான் அச்சிட்டோம். இடது ஓரம் ரொம்ப நேராக இருந்தது.

நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எனக்கும் அதற்கும் என்ன?

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், டைப்பிங் செக்‌ஷன் பிலோமினா அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். இருபது வருட சர்வீஸ். அவரும் ராயபுரம்தான், அருளப்பன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஷிஃப்ட் லிஸ்டைத் தட்டுவது அவர் வேலை. டெர்மினலில் தட்டிவிட்டால் முடிந்தது. அச்சாவது எங்கள் அறையில், அங்கிருந்து நேராக பிளான்ட் போர்டுக்குப் போய்விடும். தான் தட்டிய லிஸ்டைக் காகிதத்தில் அவர் பார்க்கவே வழியில்லை. எங்கள் அறைக்குள் அவர் அதுவரை வந்ததில்லை. அன்றைக்கு ஆள் பாதியாக இளைத்திருந்தார். அறையில் நான் மட்டும் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"சேகரு, உன்ன ஒண்ணு கேக்கறேன். மேல யாருக்கும் சொல்லமாட்டன்னு சத்தியம் பண்ணு."

செய்தேன்.

"நான் தட்டுனது எங்கப்பா போச்சு?"

"எது அக்கா?"

"ரெண்டு ஸ்பேஸு. பதினாலு பேருக்கும் தட்டுனேன். இப்பக்கூட என் ஸ்கிரீன்ல கீது, வந்து பாரு. பேப்பர்ல மட்டும் இல்லியாம். நான் பயந்துகினு உட்டுட்டேன்றானுங்க. நிர்வாகத்து பக்கம் சாஞ்சுட்டேனாம். மாதா மேல ஆணையா தட்டுனேன்டா."

மடையன் மாதிரி, "அந்த ஸ்பேஸ் எதுக்கு அக்கா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். அமில வாயு பல வருடம் நெஞ்சில் இறங்கினால் நுரையீரல் கெட்டுப்போகும். அப்படிப்பட்டவர்களைத் தொட்டிக்குள் இறக்கினால் முகமூடி போட்டாலும் தாங்காது. வாரம் ஒருமுறை வருகிற கம்பெனி டாக்டர் எல்லோருக்கும் 'ஃபிட்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். உண்மை தெரிந்தவர் மருத்துவ அறைக் கம்பவுண்டர் ஒருவர்தான். பல வருடம் முன்னால் தொழிலாளர்கள் போய் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறார்கள். ஷிஃப்ட் லிஸ்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள், நெஞ்சு கெட்டவர்களுக்கு வெளிவேலை என்று குறித்துவிடுங்கள் என்று. "நம்ம ஃபேக்டரில அப்படி யாரும் இல்லையே, இருந்தா பேரைக் குடுங்க" என்று பதில் வந்தது. நம்பி இரண்டு பெயரைக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு பேரும் வேலையில் இல்லை.

அதற்குப் பிறகு யாரும் பெயர் கொடுக்கவில்லை. எழுதினால்தானே மாட்டுவோம்? கம்பவுண்டர் சாப்பாட்டு நேரத்தில் பிலோமினா அக்காவிடம் வாயால் சொல்வார். அக்கா அந்தப் பெயருக்கு முன்னால் இரண்டு ஸ்பேஸ் தட்டுவார். போர்டில் அந்தப் பெயர் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். 'தள்ளி நிக்கிற பேரு' என்பார்கள். சூப்பர்வைசர்கள் அதைப் பார்த்து அந்த ஆளுக்குக் குழாய் துடைக்கிற வேலையோ மூட்டை எண்ணுகிற வேலையோ கொடுத்துவிடுவார்கள். பழைய மெஷின் தட்டியதைத் தட்டியபடியே அச்சடித்துவிடும், அந்த லிஸ்ட் சுந்தரேசன் மேஜைக்கு வந்ததும் இல்லை. ஏழு வருடம் இது நடந்திருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏசி ரூம் ஆட்களிடம் சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. நான் வியாசர்பாடிக்காரன் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. அன்றைக்கு அது எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால், அவர்கள் கணக்கு சரிதான்.

வழக்கமான சூப்பர்வைசர்களுக்கு ஆட்களின் முகம் தெரியும், அதனால் இரண்டு நாள் லிஸ்ட் நேராக நின்றும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் லீவு. வேறு பிளான்டிலிருந்து மாற்றாள் வந்தார். தள்ளி நிற்கிற பேருக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும், ஆட்களின் முகம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது போர்டில் இருந்த லிஸ்ட் மட்டும்தான்.

பிலோமினா அக்கா சொல்லி முடித்ததும் நான் எழுந்துபோய் இரண்டு ஃபைலை எடுத்தேன். அவர் தட்டியது ஒன்று, என் தொடப்பம் பெருக்கியது ஒன்று. ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக மாற்றிக் காட்டுகிற கட்டளை உண்டு. அதில் ஸ்பேஸுக்கு இருபது என்று வரும். இரண்டையும் திரையில் போட்டேன்.

"அக்கா, இதோ அருளப்பன் பேரு. முன்னால இருபது, இருபதுன்னு ரெண்டு இருக்கு பாருங்க. அதுதான் நீங்க தட்டினது. இது அச்சுக்குப் போனது. இதுல அது இல்ல. நடுவுல எடுத்தது நான்தான். என் புரோகிராம்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை வைத்து அந்த எண்களைத் தொட்டார். அழுவார் என்று நினைத்தேன். ஓங்கி என் தோளில் ஓர் அறை விட்டார்.

"மூணு வாரமாடா! மூணு வாரமா என்னிய நானே சந்தேகப்பட்டுகினு கீறேன். கை மறந்து பூட்ச்சோ, புத்தி கெட்டு பூட்ச்சோன்னு. கோயில்ல பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டேன்றா. மீன் விக்கறவ எங்க வூட்டு வாசல்ல கூடைய எறக்க மாட்டேன்றா. நீ இங்க ஜில்லுனு குந்திகினு பெருக்கிகினு இருந்தியா?"

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். அதை நான் வாக்கியமாகத்தான் கேட்டிருந்தேன். அன்றைக்கு அது என் எதிரே செருப்புக் காலோடு நின்றது.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பிலோமினா அக்கா என்னை அருளப்பன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மூன்றாம் மாடி. படியேற முடியாது என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஜன்னலோரம் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியம் பேசுவார், பிறகு மூச்சுக்குக் காத்திருப்பார். அவர் மனைவி பிலோமினா அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நான் நின்றபடியே சொன்னேன், அக்கா மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது, இப்படி இப்படி என்று. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அருளப்பனிடம் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இத்தனை தெரிந்த மனிதர், நெஞ்சு கெட்டது தெரிந்தவர், இறங்கு என்றதும் ஏன் இறங்கினார்? ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாமே. கேட்டும்விட்டேன்.

அவர் கொஞ்சம் சிரித்தார்.

"காலைல போர்டு பாத்தேன் நைனா. என் பேரு நேரா நின்னுகினு இருந்திச்சு." மூச்சு வாங்கினார். "ஏழு வருசமா தள்ளி நின்ன பேரு. கம்பவுண்டர் ஐயா அந்த வாரந்தான் நெஞ்சுல வச்சுப் பாத்தாரு. சரியா பூட்ச்சு போல, சொல்லாம கொள்ளாம நேரா நிறுத்திட்டாருன்னு நெனச்சுகினேன்." மறுபடி மூச்சு. "சந்தோசமா எறங்குனேன்பா."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். என்னைத் திட்டவில்லை. பிலோமினா அக்கா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் படியிறங்கித் தெருவுக்கு வந்து, ஒரு சைக்கிள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மறுநாள் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பிளான்ட் ஆட்கள் இருபது பேர் முன்னால் அதையே சொன்னேன். ஒருவர் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் விலக்கினார். அவர்களில் பெரியவர், "இப்ப அழுது இன்னா ஆவப்போவுது? அந்த ரெண்டு ஸ்பேஸ திருப்பி வை. அத்த பாரு மொதல்ல" என்றார். பிலோமினா அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மூன்று பேர். ஊருக்கு இளைத்தவர் மேல் பழி போட இருபது பேர் வருவார்கள், திரும்ப எடுக்க ஆள் வராது.

இப்போது என் பிரச்சினை சுந்தரேசன். புரோகிராமில் ஒரு வரி மாற்ற வேண்டும் என்றாலும் அவர் கையெழுத்து வேண்டும். காரணம் எழுதிய படிவம் வேண்டும். "சார், ஷிஃப்ட் லிஸ்ட்ல முன்னாடி இருக்கிற ஸ்பேஸை அப்படியே விட்டுடலாம்னு நினைக்கிறேன்" என்றேன்.

"காரணத்தை எழுதிக் கொடுங்க மிஸ்டர் சேகர்."

என்ன எழுதுவேன்? உண்மையை எழுதினால் பதினான்கு பெயரை நானே தட்டில் வைத்து நீட்டியது போல. சுற்றி வளைத்துப் பார்த்தேன். "சில சமயம் பேருக்கு முன்னால இருக்கிற ஸ்பேஸுக்கும் அர்த்தம் இருக்கலாம் இல்லையா சார்?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஸ்பேஸ்ங்கிறது ஒண்ணுமில்லாதது. ஒண்ணுமில்லாததுக்கு என்ன அர்த்தம்?" என்று சொல்லி ஸ்கேலைத் துடைத்து டிராயரில் வைத்தார். எனக்கு அந்த ஸ்கேலைப் பிடுங்கி வளைக்க வேண்டும் போலிருந்தது.

ஒரு வாரம் யோசித்தேன். அந்த ஒரு வாரமும் பிளான்டில் சூப்பர்வைசர்கள் வாய்வழியாகத்தான் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள், மாற்றாள் யாரும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு. கடைசியில் எனக்குப் பிடிபட்டது. சுந்தரேசனுக்கு உயிர் எதன் மேல் என்று எனக்குத் தெரியும். எங்கள் அறையில் லைன் பிரிண்டர் ஒன்று இருந்தது. வாரம் ஒருமுறை தன் கையாலேயே அதன் மூடியை மஞ்சள் துணியால் துடைப்பார். படிவத்தில் இப்படி எழுதினேன்: 'எல்லா வரியும் ஒரே இடத்தில் தொடங்குவதால் அச்சுச் சுத்தியல்களில் இடது ஓரத்தில் உள்ளவை மட்டும் அதிகம் தேய்கின்றன. சில வரிகள் இரண்டு இடம் தள்ளித் தொடங்கினால் தேய்மானம் பரவும். எனவே வரிக்கு முன்னால் உள்ள ஸ்பேஸைத் தொடாமல் விட அனுமதி வேண்டும்.'

சுத்தப் பேத்தல். பதினான்கு வரியால் எந்தப் பிரிண்டரும் பிழைத்துவிடாது. அவர் இரண்டு முறை படித்தார். முகத்தில் கவலை வந்தது. ஒன்பது வருடத்தில் அவர் முகத்தில் நான் கவலையைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டு உடனே கையெழுத்துப் போட்டார். ஸ்கேலோடு ஒட்டாத பதினான்கு பெயர்களை அதற்குப் பிறகு அவர் ஒரு கோடும் போடாமல் தாண்டிப் போனார். அருளப்பனைத் தூக்கிப் போன ஸ்ட்ரெச்சர் அவர் ஜன்னலைத் தாண்டித்தான் போனது. அதற்கு அந்த முகம் மாறவில்லை. பிரிண்டருக்கு மாறியது. அந்தப் படிவத்தின் காப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

நான்கு வரியை எடுத்தேன். அந்த இடத்தில்தான் நிவேதா பார்த்த குறிப்பை எழுதினேன். எனக்குப் பின்னால் வருகிறவன் என்னைப் போலவே ஒழுங்குப் பைத்தியமாக இருந்தால் அவன் கையைப் பிடிக்க ஏதாவது வேண்டுமே. அருளப்பன் வேலைக்குத் திரும்பவில்லை. வீட்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நான் மாதம் ஒருமுறை போவேன். நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்திருப்பார். நான்காவது வருடம் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். பிலோமினா அக்கா ஓய்வு பெறும் நாள்வரை அந்த இரண்டு ஸ்பேஸைத் தட்டினார், அடுத்து உட்கார்ந்த பெண்ணுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு நானும் கட்டடம் மாறி, வேறு வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தப் பதினான்கு பேரோடு இந்தக் கதை முடிந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிவேதாவை அன்றைக்கு மத்தியானம் திரும்பக் கூப்பிட்டேன்.

"வரி தொடக்கத்துல சரியா ரெண்டு ஸ்பேஸ் இருக்கிற பேரு எத்தனைன்னு எண்ணும்மா."

கீபோர்டுச் சத்தம் கேட்டது. "ஒன்பது சார்."

"எல்லாம் பழைய ஆளுங்களா?"

"இல்ல சார். எல்லாரும் இந்தப் பத்து வருஷத்துல சேர்ந்தவங்க. ஒருத்தருக்கு முப்பத்தொண்ணு வயசு. ஏன் சார்?"

அந்தப் பழைய பதினான்கு பேரில் ஒருவர்கூட இன்று வேலையில் இல்லை. பாதிப் பேர் உயிரோடும் இல்லை. இந்த ஒன்பதும் புதிது. டாக்டர் இன்னும் 'ஃபிட்' என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறார். கட்டம் இன்னும் வரவில்லை. மெஷின் மூன்று முறை மாறியிருக்கிறது, கண்ணாடிக் கதவு கார்டு காட்டினால் திறக்கிறதாம். உள்ளே அமில வாயு மனுஷனின் நுரையீரலைத் தின்பது மட்டும் நிற்கவில்லை. நான் போனில் கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. என் மனைவி ஓடிவந்து பார்த்தாள்.

நிவேதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்கு ஏன் சார் லிஸ்ட்லயே ஒரு கட்டம் வச்சு எழுதக் கூடாது?" என்று கேட்டாள். பெயர் கொடுத்த இரண்டு பேருக்கு என்ன ஆனது என்பதை இன்னொரு முறை சொன்னேன். "சரி சார், நான் பிளான்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்" என்றாள்.

நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டாள். வெளியே எங்கேயோ நின்று பேசினாள், பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. புது சாஃப்ட்வேரை அவளால் நிறுத்த முடியவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வருவது அது. வரியின் முன்னால் உள்ள ஸ்பேஸைத் தானே வெட்டிவிடும். ஆனால் அது ஓடத் தொடங்குவதற்கு முன்பே அவளும் டைப்பிங் பெண்களும் சூப்பர்வைசர்களும் உட்கார்ந்து பேசி வேறு ஒரு அடையாளம் வைத்துவிட்டார்களாம். ஒன்பது பேரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டாளாம். சாஃப்ட்வேர் ஓடியது. லிஸ்ட் இப்போது அழகாக, ஸ்கேல் வைத்தது போல நேராக நிற்கிறது.

அந்தப் புது அடையாளம் என்னவென்று எனக்கு அவள் சொன்னாள். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.